விருந்தாளியின் பேரம்

சித்திரை பிறந்து சமவெளியில் வெயில் கடுமையாகத் தொடங்கியதும், மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்துக் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுவதைக் கேட்டிருக்கிறோம்: "கொடைக்கானலில் நமக்கு யார் இருக்கிறார்கள்?" யாராவது ஒருவர் இருப்பார். மாமன் மகன் ஒருவர் அங்கே கடை வைத்திருப்பார். அல்லது அத்தாவுடன் படித்த நண்பர் ஒருவர் அங்கே ஆசிரியப் பணியில் இருப்பார். முன்னறிவிப்பாகக் கடிதம் எழுதிய காலம் போய், கைப்பேசியில் ஒரு சொல் சொன்னால் போதும் என்னும் காலம் வந்துவிட்டது. "வாங்க மச்சான், இது உங்க வீடில்லையா?" என்று மறுமுனையிலிருந்து குரல் வரும். மறுநாளே வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தில் குடும்பம் அமர்ந்துவிடும்.

ஏறும்போது கையில் இரண்டு பைகள். ஐந்தாறு நாள் கழித்து இறங்கும்போது ஏழு மூட்டைகள். மலைப்பூண்டு, கேரட், பேரிக்காய், யூகலிப்டஸ் தைலம், கம்பளிச் சட்டை, சாக்லெட் என ஒரு சிறு சந்தையே அம்மூட்டைகளுக்குள் அடங்கியிருக்கும். அண்டை வீட்டாரும் உறவினரும் எழுதிக் கொடுத்த பட்டியலும் அதில் சேர்த்தி. ஊர் வந்து சேர்ந்ததும் மூட்டைகளைப் பிரித்தபடியே, "எல்லாம் பாதி விலைக்கு வாங்கினோம்" என்பார்கள். கேட்பவர் வியப்பார்.

நாம் எழுப்ப விரும்பும் வினா ஒன்றுதான்: அந்த மறுபாதி விலையை யார் கொடுத்தது?

இது கொடைக்கானலுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் தங்கிச் சிராங்கூன் சாலைக் கடைகளில் ஏறி இறங்குவோரும், துபாயில் நண்பரின் அறையில் பாய் விரித்துப் படுத்துத் தேராவின் கடைத்தெருக்களை நாள்தோறும் அளப்போரும் நம் குடும்பங்களில் உண்டு. விமானம் ஏற வாய்ப்பில்லாதவருக்குப் பழனிமலைத் தொடரே ஒரு வெளிநாடு. 7,000 அடி உயரத்தில் காற்று வேறு, காய்கனி வேறு, விலையும் வேறு. தொலைவு எதுவாயினும் நிகழ்வது ஒன்றே. தங்குவது நண்பர் வீட்டில். வாங்குவது மலிவு விலையில். இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் ஓர் அறச்சிக்கல் முளைக்கிறது. வீட்டுக்குள் இதைப் பேசினால் உறவு கசக்கும் என்று அஞ்சி எவரும் பேசுவதில்லை. ஆகவே பொதுவில் வைத்துப் பேசுவதே நலம்.

சுமந்த தோள்கள்

கொடைக்கானலின் வரலாறு வெளியிலிருந்து வந்து தங்கியவர்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்மலையை அளந்தார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் சமவெளியின் வெம்மைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்து இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு ஏரியை அமைத்தார். இவற்றைச் சுற்றுலாக் கையேடுகள் அனைத்தும் சொல்லும். இவர்கள் எவ்வாறு மேலே வந்தார்கள் என்பதை அவை அவ்வளவாகச் சொல்வதில்லை.

1875-இல் அம்மையநாயக்கனூருக்குத் தொடர்வண்டி வந்தது. அந்நிலையந்தான் இன்று கொடைரோடு எனப்படுகிறது. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரம் வரை வருவார்கள். அதற்கு மேல் செங்குத்தான மலைப்பாதை. நடக்க இயலாதவர்கள் டோலியிலும் பல்லக்கிலும் அமர, அவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறினர். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மலைச்சாலை திறக்கப்படும் வரை இதுவே வழி.

அன்று மலையேறியவர், தம்மைச் சுமப்பவர் யார் என்பதைக் கண்ணால் கண்டார். மூச்சு வாங்குவதைக் காதால் கேட்டார். பேருந்திலும் மகிழுந்திலும் ஏறுகின்ற நமக்கு அக்காட்சி இல்லை. ஆயினும் நம்முடைய ஐந்து நாள் இன்பத்தை யாரோ சுமந்துகொண்டுதான் இருக்கிறார். முதலில் சுமப்பவர், நமக்குக் கதவு திறந்துவிட்ட நண்பர்.

விருந்தளிப்பவர் முகம்

தமிழில் விருந்தோம்பலுக்கெனத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தினரின் மனம் எத்துணை மென்மையானது, ஒரு மாறுபட்ட பார்வையிலேயே அது எவ்வாறு வாடிவிடும் என்பதை அவர் நமக்கு உணர்த்தினார். அந்த அதிகாரம் இல்லத்தாரை நோக்கிப் பேசுவது. விருந்தாளியை நோக்கி எழுதப்பட்ட அதிகாரம் நம் இலக்கியத்தில் அரிது. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்னும் பழமொழி மட்டுமே அக்குறையை ஓரளவு தீர்க்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை இரு பக்கத்தையும் நிறுத்தது. விருந்தினரைக் கண்ணியப்படுத்துமாறு இல்லத்தாருக்குச் சொன்ன அவர்களே, விருந்து மூன்று நாள், அதற்கு மேல் அளிப்பது தருமம் என்றும் வரையறுத்தார்கள். இல்லத்தாரை இக்கட்டில் தள்ளும்வரை ஒருவர் அவரிடம் தங்கியிருப்பது ஆகாது என்றும் எச்சரித்தார்கள். இக்கட்டு என்பது நாள்களின் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை. ஒரே நாளிலும் வரலாம்.

கொடைக்கானலில் வாழும் நண்பரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏப்ரலும் மேயும் நமக்கு விடுமுறை மாதங்கள். கடை வைத்திருப்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அவையே ஆண்டின் வருவாயைச் சேர்க்கும் மாதங்கள். நமக்கு ஏரியையும் தூண்பாறையையும் காட்ட அவர் ஒரு நாள் கடையடைத்தால், அந்நாள் அவருடைய சாதாரண நாள் அன்று. ஆண்டின் சிறந்த நாள்களில் ஒன்று. அதே மாதங்களில்தான் அங்கே தண்ணீருக்கு நெருக்கடி. அதே மாதங்களில்தான் பயணிகளின் கூட்டத்தால் காய்கறியும் பாலும் உள்ளூராருக்கே விலை ஏறிவிடும். அந்த ஏறிய விலையில் வாங்கி, எட்டுப் பேருக்கு மூன்று வேளை சமைத்துப் போடுகிறார் அவ்வீட்டுத் தங்கச்சி. விடுதி வாடகை மிச்சம் என்று நாம் கணக்கிடும் தொகையில் பெரும் பகுதி அந்த அடுக்களையில் செலவாகிறது.

இதை அவர்கள் மகிழ்ச்சியோடுதான் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. உறவினர் வந்து நிறைந்த வீட்டில் பரக்கத் உண்டு என்று நம்புகிற சமுதாயம் நம்முடையது. அம்மகிழ்ச்சியை மறுப்பதற்கில்லை. ஆனால் மகிழ்ச்சியோடு தருவதைப் பெற்றுக்கொள்வது வேறு. அம்மகிழ்ச்சியையே முதலாக்கி வாணிகம் செய்வது வேறு.

நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் இவ்வேறுபாடு விளங்கும். பெயர்கள் வேண்டா. கொடைக்கானலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஒரு விருந்தாளி தம் நண்பரோடு சென்றார். பூம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி பூண்டு கொண்டுவந்திருந்தார். கிலோ 400 ரூபாய் என்றார். விருந்தாளி 300-க்குக் கேட்டார். பெண்மணி இறங்கவில்லை. விருந்தாளி திரும்பி, "மச்சான், உங்களுக்குப் பழக்கமானவங்கதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தலை குனிந்தார். பெண்மணி அவரைப் பார்த்துவிட்டு, "சரி, பாய் முகத்துக்காகத் தாரேன்" என்று 320 ரூபாய் வீதம் ஐந்து கிலோவை நிறுத்துக் கொடுத்தார்.

மாலையில், அப்பெண்மணி ஊர்ப் பேருந்து ஏறுமுன் நண்பர் மீண்டும் சந்தைக்குச் சென்றார். 400 ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்தார். "வேண்டாம் பாய்" என்றார் அவர். "வருசம் முழுக்க உங்ககிட்டக் கடனுக்குக் காய் வாங்குறவன் நான். வாங்கிக்கிங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இதை அவர் எவரிடமும் கூறியதில்லை. அப்போது உடன் நின்றதனால் நாம் அறிந்தோம். விருந்தாளியோ தாம் பேசி 400 ரூபாய் மிச்சம் பிடித்ததை நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

'முகத்துக்காக' என்னும் அச்சொல்லைச் சற்று நிறுத்திப் பாருங்கள். ஒரு சிற்றூர்ச் சந்தையில் ஒருவருடைய முகம் என்பது அவர் பல ஆண்டுகள் நாணயமாக நடந்து சேர்த்த சேமிப்பு. அவசரத்துக்குக் கடன் கேட்கவும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவில் வண்டி கேட்கவும் அச்சேமிப்பே அவருக்கு உதவும். விருந்தாளி அதிலிருந்து ஐந்து கிலோ பூண்டுக்காக எடுத்துச் செலவிட்டுவிட்டார். உடையவரிடம் கேட்கவுமில்லை, எடுத்ததை உணரவுமில்லை. நண்பரின் பெட்டியிலிருந்து 400 ரூபாயை எடுப்பதற்கு அவர் கனவிலும் துணிந்திருக்க மாட்டார். பெட்டியைப் போலவே நண்பரின் பெயரும் ஓர் அமானிதம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பேரம் பேசுவது குற்றமா?

அப்படியானால் பேரம் பேசுவதே தவறு என்று கூறுகிறோமா? இல்லை.

ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிப்பயணத்தில் விலை பேசி வாங்கியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இமாம் ஹஸன், இமாம் ஹுஸைன் (ரலி) ஆகியோர் வாங்கும்போது கண்டிப்பாக விலை பேசுவார்கள். கொடுக்கும்போது கணக்கின்றிக் கொடுப்பார்கள். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்று கேட்கப்பட்டபோது, கொடுப்பவர் தம் தயாளத்தைக் கொடுக்கிறார், ஏமாறுபவரோ தம் அறிவை இழக்கிறார் என்ற கருத்தில் விடை வந்ததாக இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில் எழுதுகிறார். ஆகவே கேட்ட விலையைக் கண்மூடிக் கொடுப்பது பெருந்தன்மை ஆகிவிடாது. வெளியூர் முகத்தைக் கண்டவுடன் விலையை இரட்டிப்பாக்கும் கடைக்காரர் உலகின் எல்லா ஊர்களிலும் உண்டு, ஏரிக்கரையிலும் உண்டு. அவரிடம் விலை பேசுவது நம் உரிமை.

அதே கஸ்ஸாலி அடுத்து ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டுகிறார். எளியவரிடம் வாங்கும்போது சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, அந்த இழப்பை மனமறிந்து பொறுத்துக்கொள்வது நன்மை. தேவைக்கு மேல் இலாபம் தேடும் செல்வ வணிகரிடம் அவ்வாறு இழப்பதில் புகழும் இல்லை, கூலியும் இல்லை. அது பொருளை வீணாக்குவது. இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். நம்முள் பலர் இதற்கு நேர்மாறாக நடப்பது தெரியும். கண்ணாடிக் கதவிட்ட சாக்லெட் கடையில் அட்டையில் எழுதியுள்ள விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். நடைபாதையில் கேரட் கட்டுகளோடு அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் வாதாடுகிறோம். காரணம் எளிது. கடை நம்மைப் பணிய வைக்கிறது. மூதாட்டி நமக்குப் பணிந்து நிற்கிறார். பேரம் என்னும் பெயரில் நாம் அளப்பது பொருளின் விலையையா, எதிரே இருப்பவரின் வலிமையையா?

சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலை நிலவரம் அறிந்தபின், அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள். இத்தடையின் உட்பொருள் என்ன? இரு தரப்பாரும் ஒப்பினார்கள் என்பது மட்டும் போதாது. ஒப்பியவர் விலை நிலவரம் அறிந்திருக்க வேண்டும். 'தர மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போகும் வழியும் அவருக்கு இருக்க வேண்டும். மறுக்க முடிந்தவரோடு பேசுவதே பேரம். மறுக்க வழியற்றவரிடம் வாங்கும் ஒப்புதல், ஒப்புதலின் தோற்றமே.

இதைப் பொருள்களை வைத்தே விளக்கலாம். மலைப்பூண்டு நெடுநாள் கெடாது. கட்டுப்படியாகாவிட்டால் மூட்டையைக் கட்டி, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு அனுப்பலாம். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின், அதன் பெயருக்கே ஒரு மதிப்பும் வந்திருக்கிறது. ஆகவே பூண்டு விற்பவர் ஓரளவு நிமிர்ந்து பேச இயலும். கனிந்த பிளம்ஸ் பழம் அவ்வாறு காத்திருக்காது. மாலை ஐந்து மணிக்குக் கூடையில் மிஞ்சிய பழம், மறுநாள் காலையில் பாதி பழுதாகிவிடும். ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தும் காத்திருக்காது. அந்நேரத்தில் அவராகவே விலையைக் குறைத்துக் கூவினால், வாங்குவது அவருக்கும் உதவி. ஆனால் காலையிலேயே பழத்தைப் பார்த்து வைத்து, "பொறு, சாயங்காலம் அவனே இறங்கி வருவான்" என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியபடி ஏரியைச் சுற்றிக்கொண்டிருப்பவர், பழத்தை விலை பேசவில்லை. ஒரு குடும்பத்தின் நெருக்கடியை விலை பேசுகிறார்.

உலகம் இச்சிக்கலைப் பல வழிகளில் தீர்க்க முயன்றிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் எனப்பட்ட சமயப் பிரிவினர், விற்கும் விலை ஒன்று, சொல்லும் விலை வேறு என்பது பொய்யாகும் என்று கருதினர். சிறுவன் வந்தாலும் பெரியவர் வந்தாலும் ஒரே விலை என்று கடை நடத்தினர். நம் தமிழகத்தில் 1999-இல் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தையில், அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது. உழவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்னரே காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழவந்த பட்டினப்பாலை, அவர்கள் விற்கையில் குறைத்துக் கொடாதது போலவே கொள்கையில் மிகுதியாகக் கொள்ளாதவர்கள் என்றும் பாடுகிறது. வாங்கும் கைக்கும் அறம் உண்டு என்பது அப்புலவரின் துணிபு. விற்பவரின் நாணயம் பற்றியே நாம் ஓயாது பேசுகிறோம். வாங்குபவரின் நாணயம் பற்றிப் பேச மறந்துவிட்டோம்.

பெரிய விருந்தாளிகள்

ஐந்து கிலோ பூண்டுக்கு இத்துணை ஆராய்ச்சியா என்று சிலர் நகைக்கலாம். சிறிய அளவில் நாம் செய்வதையே பெரிய அளவில் செய்யும்போது என்ன ஆகும் என்பதற்கு இதே மலையில் சான்று இருக்கிறது.

1983-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை கொடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அங்கே செய்யப்பட்ட வெப்பமானிகள் வெளிநாடுகளுக்குச் சென்றன. 2001 மார்ச்சில் ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில், ஒரு பழைய பொருள் கிடங்கில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பது வெளிப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டது. பாதரசம் தம் உடல்நலத்தைக் கெடுத்ததென்று தொழிலாளர்கள் பல்லாண்டு போராடினர். நிறுவனம் அதை ஒப்பவில்லை. இறுதியில் 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர் தரப்போடு உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று.

கடல் கடந்த ஒரு நகரின் மருந்துக் கடையில் அவ்வெப்பமானியை வாங்கிய தாய் தீயவள் அல்லள். பிள்ளையின் காய்ச்சலைப் பார்க்கத்தான் வாங்கினாள். அதன் விலைச்சீட்டில், பழனிமலையின் ஒரு மூலையில் விழுந்த பாதரசத் துளியின் கணக்கு எழுதப்படவில்லை. ஆகவே அவளுக்குத் தெரியவில்லை. விலைச்சீட்டு முழுக் கணக்கு அன்று என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். அவளுக்கு மலை தெரியாது. நமக்கோ தெரியும். நம் நண்பரின் வீட்டு முற்றத்தில் நின்றே அதை நாம் பார்க்கிறோம்.

நாம் விட்டுவரும் தண்ணீர்ப் புட்டிகளும் நெகிழிப் பைகளும் அம்மலைச் சரிவுகளில்தான் கிடக்கின்றன. கூட்டம் அளவு மீறிப் போனதால், 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. விருந்தாளிகள் தாமே தம் அளவை அறிந்திருந்தால், எண்ணிப் பார்த்து உள்ளே விட நீதிமன்றம் எதற்கு?

எளியவர் கேட்கும் கேள்வி

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். "விடுதியில் தங்கவும், சொன்ன விலை கொடுக்கவும் வசதியுள்ளவர்கள் இப்படி எழுதலாம். நாங்கள் ஆண்டெல்லாம் சிறுகச் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு முறை மலையைக் காட்டப் போகிறோம். நண்பர் வீட்டில் தங்காவிட்டால் போகவே முடியாது. நாலு காசு மிச்சம் பிடிப்பது பாவமா?"

பாவம் அன்று. சிக்கனம் நம் முன்னோர் கற்பித்த நற்குணம். எளியவர் எளியவர் வீட்டில் தங்குவதும், இருப்பதைப் பகிர்ந்து உண்பதும் நம் வாழ்வின் அழகுகள். நாம் கேட்பது வேறு. சிக்கனம் என்பது நம் தேவையைக் குறைத்துக்கொள்வது. நம் செலவை அடுத்தவர் தலையில் ஏற்றுவதற்கு அப்பெயர் பொருந்தாது. பத்துக் கிலோ வாங்க வசதியில்லை என்றால், இரண்டு கிலோவை உரிய விலைக்கு வாங்குவது சிக்கனம். பத்துக் கிலோவையும் இரண்டு கிலோ விலைக்கு வாங்கத் துடிப்பது ஆசை. அந்த ஆசைக்கு ஏழை, செல்வர் என்ற பேதமில்லை. மகிழுந்தில் வந்து இறங்குவோரிடமும் அதை நாம் கண்டிருக்கிறோம்.

மற்றொன்றையும் கேட்டுக்கொள்வோம். எதற்காகப் போனோம்? நண்பரைக் காணப் போனோமா, நண்பர் வீட்டை விடுதியாக்கிக்கொள்ளப் போனோமா? ஐந்து நாளில் அவரோடு அமர்ந்து மனம் விட்டுப் பேசிய நேரம் எவ்வளவு. கடைத்தெருவில் கழித்த நேரம் எவ்வளவு? முதுமையடைந்த அவருடைய தாயார் அருகில் அமர்ந்து நலம் கேட்டோமா? செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று அறிந்த நமக்கு, நிய்யத் எங்கே இருந்தது என்று கண்டுகொள்வது கடினமன்று. மூட்டைகளின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

மலை இறங்குமுன்

சில எளிய நெறிகளை நாம் பழக்கிக்கொள்ளலாம். நண்பர் வீட்டுக்குப் போகுமுன், அவருக்கு அது எந்த மாதம் என்று கேட்போம்; நமக்கு விடுமுறையா என்பது மட்டும் கணக்கன்று. அரிசி, பருப்பு, எண்ணெய் என வீட்டுக்கு வேண்டியதில் ஒரு பங்கை நாமே கொண்டு செல்வோம். அவர் கடைக்குச் சென்றபின் நாமே ஊர் சுற்றுவோம். சந்தைக்குப் போகும்போது அவரை உடனழைத்து, அவர் முகத்தைக் காட்டி விலை குறைக்கச் சொல்லாதிருப்போம். கடைக்காரரிடம் தாராளமாக விலை பேசுவோம். தன் நிலத்தில் விளைந்ததைக் கூடையில் சுமந்து வந்தவரிடம் நியாயமான விலையைக் கொடுத்துவிடுவோம். பட்டியல் எழுதிக் கொடுக்கும் அண்டை வீட்டாரிடம், "இந்த முறை நண்பரைப் பார்க்க மட்டுமே போகிறேன்" என்று சொல்லப் பழகுவோம். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம்.

பழனிமலைக்குச் சங்க நூல்கள் தரும் பெயர் பொதினி. அப்பகுதியை ஆண்ட பேகன், தோகை விரித்த மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன். மயில் போர்த்திக்கொள்ளுமா, அதற்குப் போர்வை தேவையா என்றெல்லாம் அவன் கணக்குப் பார்க்கவில்லை. அம்மலையில் இன்று கம்பளி விற்கும் திபெத்தியர் கடைகள் உண்டு. தம் நாட்டை விட்டு வந்த மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அங்கே ஒரு சட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்கிறோம். பேகனைப் போல் எவரும் ஆகிவிட வேண்டியதில்லை. விலை பேசுவோம், ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அறிந்து பேசுவோம்.

ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டக நிகழ்ச்சியின் முடிவை இன்னும் சொல்லவில்லை. மதீனா வந்து சேர்ந்ததும், பேசிய விலைக்கு மேலாகவே நிறுத்துக் கொடுக்குமாறு பிலால் (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது. ஜாபிர் விலையைப் பெற்றுக்கொண்டு திரும்பியபோது மீண்டும் அழைக்கப்பட்டார். விற்ற ஒட்டகமும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. பேரம் எதற்காகப் பேசப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. தந்தையை இழந்து, தங்கைமாரைத் தாங்கி நின்ற ஓர் இளைஞரின் கையில், அவர் மானம் குறையாமல் பொருள் சேர்ப்பதற்காகப் பேசப்பட்ட பேரம் அது.

நம் பிள்ளைகள் நம் அருகில் நின்று நாம் விலை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவ்விருவகைப் பேரங்களில் எதை அவர்கள் நம்மிடமிருந்து கற்றுச் செல்கிறார்கள் என்பதை, அடுத்த சித்திரையில் மலையேறுமுன் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும்.